கோழி துடைத்த துண்டு

ஆவணி 9, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி பாவாயி எழுதுகிறாள். அவள் எட்டாவது வரை போனவள். நான் பேசுவதை அப்படியே போட்டால் நாளைக்கு எவனாவது படித்துச் சிரிப்பான் என்று புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

(சத்தியம் செய்திருக்கிறேன். அடைப்புக்குறியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. — பாவாயி)

எங்கள் கோழிக்கடை பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆரம்பித்தது நான். இப்போது மகன் பூபதி பார்க்கிறான். நான் உரித்த கோழியைத் துடைத்துத் தராசில் வைப்பதோடு சரி. பள்ளிக்கூட விடுதிக்கு ஞாயிறுதோறும் எங்கள் கறிதான் போகும். புதிதாக வந்த வார்டன், கிருமி இல்லை என்று காகிதம் காட்டினால்தான் இனி வாங்குவேன் என்றுவிட்டார். அதனால் இன்று நாமக்கல் ஆய்வகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். பெயர் தாரணி. வயது முப்பத்து மூன்று, நான்கு இருக்கும். உரித்த கோழி ஒன்றை ஒரு பைக்குள் போட்டுக் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"இத்தன தூரம் எதுக்குக் கொண்டு போறீங் அம்மிணி? மோந்து பாத்தாலே தெரியுமே" என்றேன்.

"மூக்குக்குத் தெரியாதுங்கய்யா. கெட்டுப்போன கறி வேற, கிருமி இருக்கற கறி வேற. இது இப்ப வெட்டுனதாட்ட கமகமன்னு இருக்கும், உள்ள கிருமி குடும்பம் நடத்திட்டு இருக்கும்."

கடையில் நடப்பதைத் தினமும் குறித்து வையுங்கள் என்றும் சொன்னார். அதற்குத்தான் இந்த நோட்டு. குறிக்க வேண்டியது: கோழி வண்டி விடியலில் வந்தது. லேசான தூறல். டாக்டரம்மா உட்கார பூபதி நாற்காலியைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். அந்த நாற்காலியில் அழுக்கே இல்லை.

ஆவணி 13, வெள்ளி

கிருமி இருக்கிறதாம். சால்மோனெல்லா என்று பெயர். பாவாயி அதை எழுத நான்கு முறை சொல்ல வைத்தாள்.

பூபதியும் நானும் நாமக்கல் போய்ப் பார்த்தோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பைக்குள் இருக்கும் கோழி மேல் ஒரு மருந்துத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரை ஒரு நாள் வெதுவெதுப்பில் வைப்பார்களாம். களைத்துக் கிடக்கும் கிருமி தெம்பாகி எழுந்துகொள்ளும். அடுத்த நாள் இன்னொரு சத்துத் தண்ணீர். அதில் இந்தக் கிருமி மட்டும் பெருகும், மற்றவை சோர்ந்துவிடும். பிறகு சிவப்பு ஜெல்லி போட்ட தட்டில் கோடு இழுத்து வைத்தால், கிருமி இருக்கும் இடத்தில் கறுப்புப் பொட்டு வரும். எங்கள் கடைத் தட்டைக் காட்டினார். பொட்டுப் பொட்டாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "என்ற மூக்கு பொய் சொல்லாதுங்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே குளிர்பெட்டியிலிருந்து மூன்று பைகளை எடுத்து வந்தார். தள்ளி நின்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். நடுப் பைதான் அருமையான கறி, சந்தேகமே இல்லை என்றேன். அதுதான் கறுப்புப் பொட்டு வைத்தது. எங்கள் கடைக் கோழி.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எப்படியோ, என் மூக்கு எங்கள் கடையை விட்டுக்கொடுக்கவில்லை.

விடுதி ஆர்டர் நின்றுவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அதன் பிறகு மூன்று வாரம் தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

ஆவணி 18, புதன்

டாக்டரம்மா சின்னச் சின்னக் குழாய்கள் கொடுத்திருக்கிறார். உள்ளே பஞ்சு சுற்றிய குச்சி. கத்தி, வெட்டும் கட்டை, அலசும் தொட்டி, தராசுத் தட்டு என்று ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைத் தேய்த்துக் குழாயில் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்கிருந்து கிருமி வருகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டு போகலாம் அல்லவா? பூபதி மாட்டேன் என்கிறான். திங்கள் கத்தி. நேற்று கட்டை. இன்று தொட்டி. ஒவ்வொரு குச்சிக்கும் நாமக்கல் வரை வண்டியில் போய் வருகிறான். "ஏண்டா, பெட்ரோல் என்ன காவேரியிலயா ஓடுது?" என்று கேட்டேன். குச்சிகள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாதாம். இவ்வளவு கவனமான பிள்ளை என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

(எனக்குத் தெரியும். தினமும் சவரம் செய்துகொண்டு போகிறான்.)

ஆவணி 20, வெள்ளி

கத்தி சுத்தம். மழை இல்லை.

ஆவணி 24, செவ்வாய்

கட்டையும் தொட்டியும் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். தராசுத் தட்டுக் குச்சியைக் கொடுக்க இன்று நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கே ஒரு அவமானம். டாக்டரம்மா ஐஸ் பெட்டியைத் திறந்தால், குழாய்க்குப் பக்கத்தில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ!

"இது என்னங்க?" என்றார்.

பூபதி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தான். "வாடிரும்னு வச்சேனுங்."

"சாம்பிள் வைக்கற பெட்டில வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன். இந்தக் குழாய நான் எடுக்க மாட்டேன். நாளைக்கு வேற கொண்டு வாங்க."

நல்ல திட்டு. பூ பாவாயிக்கு வாங்கியதாக இருக்கும். ஆனால் பூ திரும்பி வரவில்லை. அந்த அம்மிணி குழாயை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

(எனக்கு அவன் பூ வாங்கி வந்ததே கிடையாது.)

ஆவணி 26, வியாழன்

பூபதிக்குச் சளி, காய்ச்சல். நானே குச்சி எடுத்தேன். உரிப்பதற்குக் கோழியை மாட்டும் கம்பியில் தேய்க்க வேண்டும். பஞ்சு வெறுமனே கிடந்த பஞ்சு, யார் கை பட்டதோ. அதனால் டெட்டாலில் நன்றாக முக்கி, அலசி, பிறகுதான் தேய்த்தேன். நாம் சுத்தமாக இருந்தால்தானே அடுத்தவர் சுத்தத்தைச் சோதிக்க முடியும். பேருந்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பூபதி ஏன் வரவில்லை என்று அந்த அம்மிணி கேட்டார். காய்ச்சல் என்றேன். என்ன மருந்து, யார் பார்த்தது, கஞ்சி குடித்தாரா என்று எல்லாம் விசாரித்தார். படித்தவர்கள் எல்லாவற்றையும் விவரமாகத்தான் கேட்கிறார்கள்.

ஆவணி 30, திங்கள்

கடைக்குப் போன் வந்தது. எடுத்தவுடன் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு, "ஐயா, அந்தக் குச்சிய என்ன பண்ணுனீங்க?" என்றார்.

"சுத்தம் பண்ணித்தானுங் தேய்ச்சேன். டெட்டால்ல."

மறுபடி சிரிப்பு. "கோழிக்கடைக் கம்பில ஒரு உசுரு கூட இல்லீங்கய்யா. நல்லது கெட்டது எதுவுமே முளைக்கல. ஆபரேசன் தியேட்டர்ல கூட இப்படி வராது. கூட இருக்கறவங்க உங்களப் பாக்கணும்ங்கறாங்க."

பாவாயி எழுத முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

புரட்டாசி 1, புதன்

பெருமாள் மாதம் பிறந்துவிட்டது. பாதி ஊர் கறி தொடாது. கடையில் ஈ ஓட்டினோம். உட்கார்ந்து பழையதை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு இல்லையே தவிர, நினைவு மட்டும் கல்லில் வெட்டினது போல. பூபதிக்குப் பெண் பார்க்கப் போன வீடுகள் அத்தனையும் வரிசையாகச் சொல்வேன். மோகனூரில் ரவா கேசரி, முந்திரி இல்லை. ஜேடர்பாளையத்தில் லட்டு, அதைக் கடிக்கையில்தான் என் கடைவாய்ப் பல் போனது. கபிலர்மலையில் வாழைக்காய் பஜ்ஜி, உப்பு தூக்கல். எந்த வீட்டிலும் நாங்கள் கை நனைத்ததில்லை. பலகாரமும் காப்பியும் கணக்கில் வராது. சம்பந்தம் முடிவாகி, இலை போட்டுச் சோறு சாப்பிட்டால்தான் கை நனைத்ததாக அர்த்தம். எல்லா வீட்டிலும் ஒரே பதில். பையன் தங்கம்தான், கோழிக்கடை என்பதுதான் யோசனையாக இருக்கிறது.

பூபதிக்கு இப்போது முப்பத்தெட்டு.

புரட்டாசி 2, வியாழன்

கத்தி, கட்டை, தொட்டி, தட்டு எல்லாமே சுத்தம். ஆனால் இரண்டாம் முறை எடுத்த கோழியிலும் கறுப்புப் பொட்டு. அதனால் டாக்டரம்மா இன்று நேரில் வந்து, ஓரமாக உட்கார்ந்து, நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தார். பூபதி வெட்டினான், அலசினான். நான் வழக்கம்போலத் தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கோழியின் உள்ளும் புறமும் ஒற்றித் துடைத்துத் தராசில் வைத்தேன்.

"ஐயா, எதுக்குத் தொடைக்கறீங்க?"

"தண்ணியோட நிறுத்தா தண்ணிக்கும் சேத்து விலையாயிருமல்லங் அம்மிணி. கடை தொறந்த நாள்லருந்து என்ற கடையில ஒரு சொட்டுத் தண்ணிய நிறுத்ததில்ல. ஊர்ல யாரவேணா கேட்டுப் பாருங்."

பேருந்து நடத்துனர் மாரப்பன் எனக்கு முதல் போணி. அவர் வாங்கியது ஒரு காலைத் தாங்கி நடந்த சேவல். அதைக்கூட நான் துடைத்துத்தான் நிறுத்தேன். அதையும் சொன்னேன்.

டாக்டரம்மா துண்டையே பார்த்தார். பிறகு, "சித்த அதக் குடுங்க" என்று வாங்கி, குச்சியைத் தேய்த்தார்.

"அது தினமும் நான் நீலம் போட்டுத் துவைக்கிற துண்டு கண்ணு" என்றாள் பாவாயி, சாப்பாடு கொண்டு வந்தவள்.

"காலைல சுத்தமாத்தான் இருக்குங்கம்மா. மத்தியானம் எத்தன கோழியத் தொட்டிருக்கும்?"

புரட்டாசி 7, செவ்வாய்

துண்டுதான்.

தட்டு முழுக்கக் கறுப்பு. வண்டியில் வருகிற எங்கோ ஒரு கோழியின் குடலில் இருப்பது, ஈரத் துணியில் ஏறி, அன்றைக்கு விற்ற அத்தனை கோழிக்கும் போயிருக்கிறது. நான்தான் ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்திருக்கிறேன், உள்ளும் புறமும்.

நல்லவேளை, நம் ஊரில் கறியைக் குழையக் குழைய வேகவைத்துத்தான் தின்கிறார்கள், அதில் கிருமி செத்துவிடும் என்றார் அம்மிணி. ஆனால் பச்சைக் கறி பட்ட கையும் அரிவாள்மனையும் இருக்கிறதே என்றும் சொன்னார்.

சாயங்காலம் துண்டைக் கழற்றிப் பாவாயியிடம் கொடுத்தேன். தோள் ஏதோ சட்டை போடாதது மாதிரி இருக்கிறது. அப்புறம் பூபதி வந்து, "நீங்க ஏமாத்தறதுக்குத் தொடைக்கலியேப்பா. தண்ணி வடியோணும், அவ்வளவுதான? தொங்க உட்டா தானா வடிஞ்சிருது" என்றான். தராசுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி போட்டுக் கொக்கிகள் மாட்டப் போகிறானாம். உரித்த கோழி அதில் தொங்கி, நீர் வடிந்த பிறகு நேராகத் தராசுக்கு. யோசனை யாருடையது என்றேன். "நாங்க பேசி முடிவு பண்ணுனது" என்றான்.

நாங்கள் என்றால் யார் என்று கேட்க வாயெடுத்தேன். பாவாயி என் காலை மிதித்தாள்.

புரட்டாசி 9, வியாழன்

மூன்று வாரக் கணக்கில் முதல் கோழியை இன்று நானே கொண்டு போனேன். போன இடத்தில் மரியாதைக் குறைவு. இனிமேல் எங்கள் கடைக் கோழியை டாக்டரம்மா தொடமாட்டாராம்! வேறு ஒருவர், ராஜரத்தினம் என்று பெயர், அவர்தான் பார்ப்பாராம். டாக்டரம்மாவே ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாராம், இந்தக் கடை வேலை எனக்கு வேண்டாம் என்று.

இத்தனை நாள் ஐயா ஐயா என்று பேசிய பிள்ளை. நாம் என்ன குறை வைத்தோம்? பூபதியிடம் சொன்னால் அவன் வருத்தப்படவே இல்லை. சந்தோசமாகத் தெரிந்தான். ரோசமில்லாத பயல்.

(சிரித்து சிரித்து எழுத்து கோணிவிட்டது. சொந்தக்காரர் ஆகப் போகிறவர்களின் சாம்பிளைத் தானே பார்த்தால் நியாயமா? அதனால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதை இவருக்குச் சொல்லிப் புரியவைத்தேன். பிறகு எழுந்து போய் அந்த நாற்காலியைத் துடைத்து வைத்தார்.)

புரட்டாசி 13, திங்கள்

முதல் வாரம்: கிருமி இல்லை. எனக்கு எல்லாம் முதல் நாளே தெரியும், பூபதி நாற்காலியைத் துடைத்தபோதே. காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

(பொய்.)

புரட்டாசி 18, சனி

தாரணியும் அவள் அம்மா ராஜாமணியும் வந்தார்கள். காவிரியில் குளித்துப் பெருமாளைக் கும்பிட வந்தவர்கள், அப்படியே எட்டிப் பார்த்தார்களாம். அப்படித்தான் சொல்வார்கள். நானும் வாழ்க்கையில் எத்தனையோ வீட்டை எட்டிப் பார்த்தவன்தான்.

பாவாயி பருப்பு, ரசம், பாயசம் என்று விரதச் சமையல் முழுக்கச் செய்து இலை அறுத்து வைத்திருந்தாள். ராஜாமணியம்மா தண்ணீர் மட்டும் குடித்தார். வீட்டை முகர்ந்து பார்த்தார். என்னைப் போல வெளிப்படையாக இல்லை, நாசூக்காக.

"தப்பா நெனைக்காதீங்க. அப்பா இல்லாத புள்ள. இவ கோழிக்கறி தொட்டு எட்டு வருசமாச்சு. தட்டுத் தட்டாக் கிருமியப் பாத்துப் பாத்து வெறுத்துட்டா. கோழிக்கடை வீட்டுக்கு வந்து என்ன சாப்புடுவா, சொல்லுங்க?"

பூபதி தரையைப் பார்த்தான். தாரணிதான் பேசினாள்.

"நல்ல கறின்னு தெரிஞ்சா திம்பேம்மா. மூணாவது வாரம் ரிசல்ட் வரட்டும்."

"வரலைன்னா?"

"வரட்டும்னு சொன்னேன்."

இலை அப்படியே இருந்தது. போகும்போது தாரணி திரும்பி எங்கள் வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்தாள். பாயசத்தை நானும் பாவாயியும் குடித்தோம். பூபதி தொடவில்லை.

புரட்டாசி 20, திங்கள்

இரண்டாவது வாரம்: கிருமி இல்லை.

புரட்டாசி 23, வியாழன்

மூன்றாவது கோழி போனது. நான் எதையும் தொடவில்லை. டெட்டாலை பாவாயி ஒளித்து வைத்துவிட்டாள்.

புரட்டாசி 27, திங்கள்

ரிசல்ட் வரவில்லை. மத்தியானம் ராஜரத்தினம் போன் செய்தார். தட்டில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு வந்திருக்கிறதாம்.

பூபதி கொக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வந்த ஆள் கால் கிலோ கேட்டால் முக்கால் கிலோ வெட்டினான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ராஜரத்தினத்திடம், ஏனுங், ஒரே ஒரு பொட்டுத்தானே, கண்டும் காணாம விட்டுரக் கூடாதா என்று கேட்கப் போனேன். பூபதி போனைப் பிடுங்கினான். "அந்தப் பேச்சே வேண்டாம்ப்பா. அவங்க காதுக்குப் போனா நம்ம மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

சாயங்காலம் தாரணியே கூப்பிட்டாள். "நான் அந்தத் தட்டப் பாக்கவே இல்லீங். கறுப்பா வர்றதெல்லாம் சால்மோனெல்லா இல்ல. அதே மாதிரி பொட்டு வைக்கற கிருமி வேற ரெண்டு மூணு இருக்கு. அதத் தனியா எடுத்துச் சோதிச்சுப் பாக்கணும், ரெண்டு நாளாகும். அவர்கிட்டச் சொல்லுங்க, சாப்பிடச் சொல்லுங்க மாமா."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாமா என்றுதான் சொன்னாள். என் காது நன்றாகக் கேட்கும். பாவாயியிடம் சொன்னேன், வாய் தவறி வந்திருக்கும் என்கிறாள். வாய் தவறினால்தானே மனசில் இருப்பது வரும்.

புரட்டாசி 28, செவ்வாய்

ஒன்றுமில்லை. மழை. இன்று வந்த ஐந்து பேரிடமும் கறுப்புப் பொட்டைப் பற்றிப் பேசினேன்.

புரட்டாசி 29, புதன்

அது வேறு கிருமி! பார்க்கத்தான் அது மாதிரி, குணத்தில் அது இல்லையாம். மூன்றாவது வாரமும் சால்மோனெல்லா இல்லை!

பூபதி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கூடை திறந்துகொண்டது. பேருந்து நிலையம் முழுக்கக் கோழி. சேலம் வண்டிக்கு அடியில் ஒன்று, டீக்கடை பெஞ்சு மேல் ஒன்று. டீ மாஸ்டர், ஓட்டுநர், வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். "என்னுங் பொங்கியண்ணா, பெருமாள் மாசம்னு விடுதலை பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் டீ மாஸ்டர். எல்லாக் கோழியும் கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

ஐப்பசி 2, ஞாயிறு

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு, மறுநாள் தீபாவளி. கடை தாங்கவில்லை. விடுதி ஆர்டரும் திரும்ப வந்துவிட்டது. கம்பியில் வரிசையாகக் கோழிகள் தொங்கி நீர் வடிகின்றன. வருகிறவர்கள் எல்லாம் என் தோளைப் பார்த்து, "துண்டு எங்கீங்?" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக்கதையும் சொன்னேன். வரிசை தெருமுனை வரை போய்விட்டது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டான் பூபதி.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

மத்தியானம் தாரணியும் ராஜாமணியம்மாவும் வந்தார்கள். பாவாயி கோழிக் குழம்பும் வறுவலும் வைத்திருந்தாள். ஆனால் பருப்பும் ரசமும் தனியாக இருந்தன, தாரணி கறி தொடமாட்டாளோ என்று. வெறும் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். பாவாயி கையில் பருப்புக் கரண்டியோடு நின்றாள்.

"அத்தை, அது பொறகு. கோழி போடுங்க" என்றாள் தாரணி.

போட்டாள். தாரணி பிட்டாள். வெந்திருக்கிறதா என்று எலும்போரம் கூர்ந்து பார்த்தாள். அது தொழில், விடாது. வாயில் போட்டாள். ராஜாமணியம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "எனக்கும் சித்த போடுங்க சம்பந்தி" என்றார்.

பூபதிக்குக் குழம்பில் காரமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். குழம்பில் அவ்வளவு காரம் இல்லை.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் குழாயடியில் சோப்பு போட்டுக் கை கழுவினோம். சம்பந்தியம்மா ஈரக் கையோடு திரும்பினார். தீபாவளிக்கு எடுத்த புதுத் துண்டு என் தோளில் இருந்தது. பழக்க தோசம், எடுத்து நீட்டிவிட்டேன்.

"மாமா!" என்று தாரணி, "அப்பா!" என்று பூபதி, "ஏனுங்!" என்று பாவாயி, மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"புதுத் துண்டுதானுங்!" என்றேன். யார் கேட்கிறார்கள். தாரணி கையை உதறிக் காற்றில் ஆட்டிக் காட்டினாள், இப்படித்தான் காய வைக்க வேண்டும் என்று. சம்பந்தியம்மாவும் ஆட்டினார். பூபதி ஆட்டினான். நானும் ஆட்டினேன். குழாயடியில் வரிசையாக நின்று அத்தனை பேரும் கோழி இறக்கை அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

இனி நோட்டு வேண்டாம் என்று நினைக்கிறேன். கார்த்திகையில் கல்யாணம், பாவாயிக்கு எழுத நேரம் இருக்காது.

(ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். தாரணி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், ஈரல்.)